தக்காளிக்குக் காவல் செண்டுமல்லி

வீட்டுத் தோட்டத் தக்காளியைக் காய்ப்புழு தாக்கினால் துளைபட்ட காய்கள் அழுகி வீணாகும். அடிக்கடி பறித்துச் சமைக்கும் காய்க்கு மருந்து தெளிப்பதும் உகந்ததல்ல. இதற்குச் செண்டுமல்லியைக் கவர்ச்சிப் பயிராக நடலாம். தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியின் மொட்டிலும் பூவிலும் விரும்பி முட்டையிடும்.

இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் பலன் உண்டு. எனவே செண்டுமல்லியைத் தக்காளிக்கு 15 நாட்கள் முன்னதாக விதைத்து, 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும். உயரமாக வளரும் மஞ்சள் பூ இரகம் ஏற்றது. 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி போதும். சிறிய பாத்தியானால் ஓரத்தில் நடலாம்.

பூக்களை அவ்வப்போது பறித்து, உள்ளிருக்கும் புழுக்களை அழிக்கவும். பறிக்காமல் விட்டால் அவையே அந்துப்பூச்சியாகித் தக்காளிக்குத் திரும்பி வரும்.