ஜூஸ் குடித்தால் பரு போயிடுமா? பணத்தையும் முகத்தையும் கெடுத்துக்காதீங்க!

திருப்பூர்:

முகத்தில் ஒரு பரு எட்டிப் பார்த்தால் போதும். வாலிபர்களுக்கும், இளம்பெண்களுக்கும் தூக்கம் போய் விடுகிறது. "உடம்புச் சூடுதான், இளநீர் குடி" என்பார் பாட்டி. "கற்றாழை ஜூஸ் குடிச்சா ஒரே வாரத்துல முகம் பளபளன்னு ஆயிடும்" என்பார் கூட வேலை பார்ப்பவர். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகள் பலர், ஜூஸ் கடையிலும் மருந்துக் கடையிலும் கூலியைக் கரைக்கிறார்கள். சாப்பாட்டை மாற்றினால் பரு போகுமா? விவரம் வருமாறு:-

பரு வருவது எப்படி?

தோலுக்கு அடியில் எண்ணெய் சுரப்பிகள் இருக்கின்றன. வயசுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் தூண்டுதலால் அவை அதிகமாக எண்ணெய் சுரக்கும். இறந்த தோல் செல்களும் சேர்ந்து, முடி முளைக்கும் துவாரம் அடைத்துக் கொள்ளும். உள்ளே கிருமி பெருகி வீங்கினால் அதுதான் பரு. அப்பா, அம்மாவுக்கு பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆக, வயிற்றில் சூடு ஏறி அது முகத்தில் வெடிப்பது கிடையாது.

சர்க்கரைதான் வில்லன்

அதற்காக சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை, மைதா, பேக்கரி பண்டம், குளிர்பானம் போன்றவை ரத்தத்தில் சர்க்கரையை சட்டென்று ஏற்றும். அதை இறக்க இன்சுலின் அதிகம் சுரக்கும். அது எண்ணெய் சுரப்பியையும் தூண்டி விடும்.

ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 வாலிபர்களை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 23 பரு குறைந்தது. மற்றவர்களுக்கு 12 தான் குறைந்தது. கவனிங்க, குறைந்தது என்றுதான் சொல்கிறார்கள். அடியோடு போகவில்லை. அமெரிக்க தோல் டாக்டர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவு முறையை சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று கூறி விட்டது.

இப்போ ஜூஸ் விஷயத்துக்கு வருவோம். பழத்தைப் பிழிந்து, சக்கையை எறிந்து விட்டு, மேலே சர்க்கரையை அள்ளிப் போட்டால் அது பருவுக்கு மருந்து ஆகுமா? டீயும் அப்படித்தான். ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால், 5 டீக்கு 10 ஸ்பூன் ஆச்சு!

பால், ஜிம் பவுடர்

பால் அதிகம் குடிப்பவர்களிடம் பரு சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பால்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அதனால் வளரும் பிள்ளைகளுக்கு பாலை நிறுத்த வேண்டாம். ஜிம்முக்குப் போய் 'வே புரோட்டீன்' பவுடர் குடிக்கும் வாலிபர்கள் சிலருக்கு திடீரென்று பரு கிளம்புவது உண்டு. அவர்கள் பவுடரை நிறுத்திப் பார்க்கலாம்.

இளநீர், மோர், தண்ணீர் எல்லாம் வெயிலுக்கு நல்லது. தாராளமாகக் குடிங்க. ஆனால் அவை பருவைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உஷார்... கிரீம்!

ஜூஸால் பணம்தான் போகும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமால் முகமே போகும். பூசிய சில நாளில் சிவப்பு மறைந்து முகம் வெள்ளையாகத் தெரியும். அதில்தான் ஏமாந்து போகிறார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், எரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் பரு பழையதை விட அதிகமாகக் கிளம்பும். இந்த வகை கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. தோழி கொடுத்தாள், அக்கா பூசினாள் என்று வாங்கிப் பூசாதீங்க.

என்ன செய்யலாம்?

* டீயில் சர்க்கரையைக் குறைங்க. ஜூசுக்குப் பதில் கொய்யாப்பழம், பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் சாப்பிடுங்க.

* முகத்தை தினமும் 2 வேளை மிதமான சோப்பு போட்டுக் கழுவினால் போதும். அழுத்தித் தேய்க்காதீங்க.

* பருவைக் கிள்ளாதீங்க. கிள்ளினால் தழும்பு நிற்கும்.

* பெரிய கட்டியாக வந்தாலோ, பள்ளம் விழுந்தாலோ தோல் டாக்டரிடம் போங்க. அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் காட்டலாம். சரியான மருந்து போட்டாலும் பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். பொறுமை வேணும்.

* மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் அது சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

* கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விடுங்க. பருவுக்கான சில மாத்திரைகள் வயிற்றில் உள்ள சிசுவை ஊனமாக்கி விடும்.