வாய்ப்பாடு தெரியாத பெட்டி

2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்தான். ஆட ஆரம்பித்து 38 நிமிடம் ஆகியிருந்தது. ஒரு வரிசையை அழித்தான், திரை அப்படியே உறைந்துபோனது. அடுத்த கட்டை வரவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். விரல்கள் மரத்துப்போய்விட்டன என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

பெட்டி பழுதாகிவிட்டதே என்ற வருத்தம் இல்லை அது, ஆனந்தம்! அவன் ஆடிய டெட்ரிஸ், நிண்டெண்டோ நிறுவனம் தன் என்.இ.எஸ். என்ற விளையாட்டுப் பெட்டிக்காக 1989-ல் வெளியிட்டது. அவன் பிறப்பதற்கு 20 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை ஆடி ஆடியே பெட்டியைத் திணறடித்து நிறுத்திய முதல் மனிதன் இந்தப் பையன்தான். 34 வருடமாகப் பெரியவர்கள் யாருக்கும் கைகூடாதது!

டெட்ரிஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்கவேண்டும், ஒரு வரிசை இடைவெளியில்லாமல் நிரம்பினால் அது மறையும். 'பிரிக் கேம்' என்று உங்கள் அம்மா அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1990-களில் கையடக்கமாக, பேட்டரி போட்டு ஆடுவதாக, நம் ஊர்க் கடைகளிலெல்லாம் தொங்கியது அது. இதன் மூல ஆட்டத்தை 1984-ல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினிக்குப் படம் காட்டத் தெரியாது, எழுத்து மட்டும்தான். அதனால் கட்டங்களுக்குப் பதிலாக அடைப்புக்குறிகளை அடுக்கியே ஆட்டத்தைச் செய்துவிட்டார். நான்கு சதுரங்களை ஒட்டவைத்தால் எத்தனை வடிவம் வரும்? ஏழு. அந்த ஏழும்தான் இன்றுவரை விழுந்துகொண்டிருக்கின்றன.

சரி, பையன் கதைக்கு வருவோம். இத்தனை வருடமாக மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

நோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம் வரைந்து, விரலால் சர்ரென்று புரட்டினால் படம் நகருமே, திரையும் அதைத்தான் செய்கிறது. இந்தப் பெட்டி நொடிக்கு 60 படம் காட்டும். ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். ஆட்டம் தொடங்கும்போது கட்டை 48 ஃப்ரேமுக்கு ஒரு படி இறங்கும். லெவல் ஏற ஏற வேகம் கூடும். 29-வது லெவலில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு படி! பலகையின் உயரம் 20 கட்டம். ஆக, மேலிருந்து கீழே வர மூன்றில் ஒரு நொடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டை தரையில்.

கட்டையைப் பக்கவாட்டில் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது ஓர் அடி நகரும், 16 ஃப்ரேம் சும்மா இருக்கும், அப்புறம் 6 ஃப்ரேமுக்கு ஓர் அடி வீதம் நகரும். கட்டை விழுவதற்கே 20 ஃப்ரேம்தானே? அதற்குள் இரண்டு அடி. நடுவில் தோன்றும் கட்டையை ஓரத்துக்குக் கொண்டுபோக ஐந்து அடி வரை வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வழி கண்டுபிடித்திருந்தார்கள். அப்போதும் நொடிக்குப் பத்து அடிதான், கட்டை விழுவதற்குள் மூன்றோ நான்கோ. அதனால் 29-தான் ஆட்டத்தின் முடிவு என்று பல வருடம் எல்லோரும் நம்பினார்கள்.

அப்புறம் சிலர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, கட்டைவிரலை நடுங்கவிட்டு வேகவேகமாகத் தட்டிப் பார்த்தார்கள். 2010 வாக்கில் ஒருவர் 30-ஐத் தொட்டார். 2020-ஐ ஒட்டி வந்தது இன்னொரு முறை. அதை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள்! வகுப்பில் ஆசிரியர் வருவதற்குள் பெஞ்சின் மேல் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஆள்காட்டி விரல் வரை 'டகடக டகடக' என்று குதிரை ஓட்டுவீர்களே, அதேதான். ஒரு கையின் கட்டைவிரலைப் பொத்தான் மேல் லேசாக வைத்துக்கொள்கிறார்கள். மறுகை விரல்களால், பொத்தான்கள் உள்ள கன்ட்ரோலரின் முதுகில் குதிரை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலர் துள்ளி, பொத்தான் போய்க் கட்டைவிரலில் முட்டுகிறது. நான்கு விரல் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் நொடிக்கு 20 தட்டுக்கு மேல் முடிகிறது. பெட்டியில் எந்த மாற்றமும் இல்லை. கன்ட்ரோலரும் அதே பழையதுதான். விரல் வைக்கும் விதம் மட்டும் மாறியது, 30, 40, 100 என்று கதவுகள் திறந்துகொண்டே போயின. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

29-க்கு மேல் வேகம் கூடுவதில்லை. அதனால் தாக்குப்பிடிப்பவர்கள் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் 138-வது லெவலில் விநோதம் தொடங்குகிறது. கட்டைகளுக்கு என்ன நிறம் என்ற பட்டியலில் பத்து லெவலுக்குத்தான் குறிப்பு உண்டு, அதையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும். 138-ல் அந்தக் கணக்கு தவறி, நினைவகத்தில் வேறு எதற்கோ எழுதி வைத்திருப்பதை நிறம் என்று எடுத்துப் போடுகிறது. யாரும் தீர்மானிக்காத நிறங்கள் வருகின்றன. 148-ல் கட்டைகள் கறுப்புப் பின்னணியில் கண்ணுக்கே தட்டுப்படாத கரி நிறம். ஆட்டக்காரர்கள் அந்த லெவலுக்குக் 'கரி' என்றே பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி, பெட்டி ஏன் உறைந்தது? ஒரு வரிசை அழித்தால் 40 புள்ளி. அதை, லெவல் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கவேண்டும். 157-வது லெவலில் 40 × 158. நீங்கள் தாளில் போட்டு 6,320 என்று சொல்லிவிடுவீர்கள். பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கோ பெருக்கலே தெரியாது! கூட்டும், கழிக்கும், அவ்வளவுதான். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை என்ன செய்யும்? 40-ஐ 158 தடவை கூட்டும். ஒவ்வொரு தடவையும் கூட்டி முடித்துப் பத்தாம் இடத்துக்கு ஒன்று கொண்டுபோக வேண்டுமா என்றும் பார்க்கும். சின்ன லெவலில் இது சட்டென்று முடிந்துவிடும். ஆனால் லெவல் ஏறும்போதெல்லாம் வேலை இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

இந்தச் சிப் நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் தடவை துடிக்கும். 60 ஃப்ரேமுக்குப் பங்கு போட்டால் ஒரு ஃப்ரேமுக்கு 30,000-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் எல்லா வேலையும் முடியவேண்டும், ஏனென்றால் அடுத்த ஃப்ரேம் பரீட்சை மணி போல அடித்துவிடும். 150-களில் புள்ளிக் கணக்கு பாதியில் இருக்கும்போதே மணி அடிக்கிறது. போட்ட கணக்கை அப்படியே விட்டுவிட்டுச் சிப் மற்ற வேலைக்கு ஓடுகிறது. திரும்பி வரும்போது, அடுத்து எங்கே போகவேண்டும் என்று குறித்து வைத்த எண் குழம்பியிருக்கிறது. போகக்கூடாத இடத்துக்குப் போய் வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. அதுதான் அந்த உறைந்த திரை.

எந்த லெவலில், எத்தனை வரிசையை அழித்தால் இது நடக்கும் என்று ரசிகர்கள் முன்பே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆட்டம் மொத்தமே 48 கிலோபைட்தான். உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட முடியும், படித்தார்கள். ஆட்டம் ஓடும்போது பெட்டி நினைவில் வைத்துக்கொள்வது வெறும் 2,048 பைட். இந்தக் கட்டுரையின் முதல் மூன்று பத்திகளைத் தமிழில் சேமித்தாலே அந்த இடம் நிரம்பி வழியும்! உங்கள் போனில் உள்ள புது விளையாட்டை இப்படி ஓர் ஆள் முழுசாகப் படித்து முடிக்க முடியாது. பழைய விளையாட்டை ஆடும்போது எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதி இதுதான்: அதன் எலும்பும் நரம்பும் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பையனும் பட்டியலைத் தெரிந்துதான் ஆடினான். 155-வது லெவலிலேயே ஒரு வாய்ப்பு வந்தது, நழுவவிட்டான். இரண்டு லெவல் தாண்டி 157-ல் பிடித்துவிட்டான்.

அதற்கு மேலும் கதை உண்டு. அதைப் புரிந்துகொள்ள உங்கள் விரல்கள் வேண்டும். இரண்டு புறங்கைகளும் உங்களைப் பார்க்கும்படி நீட்டுங்கள். கட்டைவிரல்களை மடக்குங்கள். மீதி எட்டு விரல். வலது சுண்டுவிரலுக்கு மதிப்பு 1. அங்கிருந்து இடதுபக்கமாகப் போகப் போக 2, 4, 8. இடது ஆள்காட்டி விரல் 16, பிறகு 32, 64, கடைசியில் இடது சுண்டுவிரல் 128. நீட்டிய விரல்களின் மதிப்பைக் கூட்டினால் அதுதான் எண். 5 வேண்டுமா? 4-ம் 1-ம். எட்டையும் நீட்டினால் 255. 256-க்கு ஒன்பதாவது விரல் வேண்டும், இல்லை. எனவே எல்லா விரலும் மடங்கி 0.

பெட்டி லெவல் எண்ணை வைத்திருப்பது இப்படிப்பட்ட எட்டு விரலில்தான். 2024 அக்டோபரில் அமெரிக்காவிலேயே இன்னொரு பதின்வயதுப் பையன், உறைந்துபோகாதபடி திருத்திய பிரதியில் ஆடி 255-ஐயும் தாண்டினான். எட்டு விரலும் மடங்கின. திரையில் லெவல் 0. மூன்றில் ஒரு நொடியில் விழுந்துகொண்டிருந்த கட்டை, 16 நொடி எடுத்துக்கொண்டு, படிப்படியாக, மெல்ல இறங்கத் தொடங்கியது.