சோணைக் குறுநடுக்கம்: சிகிச்சைக்குப் பின்னரான தொலைக் கண்காணிப்பும் வன்னிப் பெருநிலமும்

இதயத்தின் மேலறைகளாகிய சோணைகள் ஒழுங்காகச் சுருங்காது நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையே சோணைக் குறுநடுக்கம் எனப்படும். நடுங்கும் சோணையிற் குருதி தேங்குகின்றது. தேங்கிய குருதி கட்டியாகின்றது. அக்கட்டி மூளையை அடையின் பாரிசவாதம் விளைகின்றது. மாத்திரை, மின்னதிர்ச்சி, இதயத்தினுட் செலுத்திய குழாயாற் குறித்த இழையங்களைச் சுடுதல் என்பன இன்றுள்ள சிகிச்சைகள். நுரையீரல் நாளங்களிலிருந்தே இந்நடுக்கம் பெரும்பாலும் தூண்டப்படுகின்றது என்பதைப் பிரான்சின் போர்டோ நகர ஆய்வாளர்கள் 1998இல் எடுத்துக்காட்டிய பின்னரே சுடுதல் முறை பரவலாயிற்று.

சிகிச்சை முடிந்தபின் நடுக்கம் நின்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? நோயாளியின் உணர்வு இங்குப் போதிய சான்றாகாது. தோலின் கீழ்ப் பதித்த கருவிகொண்டு நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்று, உணரப்பட்ட ஒவ்வொரு நடுக்கத்துக்கும் உணரப்படாதவை சிகிச்சைக்கு முன்னர் 1.1 ஆக இருந்து, பின்னர் 3.7 ஆக உயர்ந்ததைக் கண்டது. நோயாளி சுகமாயிருப்பதாகச் சொல்லும் காலமே கூடுதற் கவனம் வேண்டும் காலம் என்பது இதனாற் பெறப்படும்.

தொலைவிலிருந்து இதயத்தைக் கேட்டல் புதிதன்று. லெய்டன் நகரில் ஐந்தோவன் 1905இலேயே ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்து வைத்தியசாலையில் இருந்த நோயாளிகளின் இதய மின்வரைபைத் தொலைபேசிக் கம்பிவழியாகத் தமது ஆய்வுகூடத்திற் பதிந்தார். 1940களின் இறுதியில் அமெரிக்கரான ஹோல்டர் அமைத்த கருவியோ முதுகிற் சுமக்க வேண்டிய 38 கிலோகிராம் பாரம்! இன்று இரு விரல்களை வைத்தால் அரை நிமிடத்தில் வரைபு கைத்தொலைபேசியில் வந்துவிடுகின்றது. 2020இல் பெருந்தொற்றின் நெருக்கடியில், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் வைத்தியர்கள், ஆலோசனைக்கு முந்திய ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை நோயாளியே கைத்தொலைபேசியால் நாடியைப் பதியும் முறையைத் தொடக்கினர். அது பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது.

வன்னிக்கு இது எவ்வளவு பொருந்தும்? முல்லைத்தீவிலிருந்து இதய நோய் வைத்திய நிபுணரை நாடி யாழ்ப்பாணம் செல்பவர், பரந்தன் சந்திவரை வந்து ஏ9 வீதியேற வேண்டும். கூலிவேலை செய்வோருக்கு அது ஒருநாட் சம்பள இழப்பு. வட மாகாணத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே இந்நோயைக் கண்டறிய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வில் கையடக்க ஈ.சி.ஜி. கருவியே பயன்பட்டது. ஆகவே கருவி இம்மண்ணுக்கு அந்நியமன்று. கண்டறிதலுக்கு உதவியது சிகிச்சைக்குப் பின்னரும் உதவலாம் என்பதே நமது கருத்து.

ஆயினும் ஒரு வரையறை உண்டு. வறுமையோடும் நெருக்கமான குடியிருப்போடும் பிணைந்த வாதக் காய்ச்சல் இருகூர் வால்வைச் சுருக்கிவிட, அதன்வழி இந்நடுக்கம் தோன்றுவதுண்டு. மேலைநாட்டுத் தொலைக்கண்காணிப்பு ஆய்வுகள் இத்தகையோரைப் பெரிதும் உள்ளடக்குவதில்லை. இவர்களுக்குப் புதிய குருதியுறைவெதிர் மாத்திரையிலும் வாபரின் வகையே மேலானதென 2022இல் வெளியான, 4,500க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய பன்னாட்டு ஆய்வு நிறுவியது. வாபரினுக்கோ ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை தவிர்க்கவியலாதது. எந்தக் கைத்தொலைபேசி வரைபும் அதனைச் சொல்லாது. வரைபு சீராக உள்ளதெனக் கண்டு மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் பெரும் ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். சுடுதலின் பின்னரும் குறைந்தது இரு மாதங்களுக்குக் குருதியுறைவெதிர் மருந்து வேண்டும். அதற்கப்பால் அதனைத் தொடர்வது நடுக்கம் நின்றதா என்பதையன்றிப் பாரிசவாத அபாயத்தையே பொறுத்தது.

எனவே விலையுயர்ந்த பதிகருவிகளை அவாவுவதிலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் கிளினிக்குகளிற் கையடக்க ஈ.சி.ஜி.யையும் விரல்நுனிக் குருதியில் ஐ.என்.ஆர். அளக்கும் சிறு கருவியையும் ஒருங்கே வைப்பதே முதற்பணியாகும். அனுப்பப்படும் வரைபுகளைப் பார்ப்பவர் யார், எத்தனை மணிநேரத்துள் மறுமொழி சொல்வார், அவ்வேலை அவரது கடமை நேரத்துட் கணிக்கப்படுமா என்பன கருவி வாங்குமுன் தீர்க்கப்பட வேண்டியவை. லெய்டனிலும் கம்பியின் மறுமுனையில் ஐந்தோவன் அமர்ந்திருந்தார்.