கூரையைப் பிரிக்கும் முன் ஒரு கணக்கு

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம்மில் பலருக்கும் ஊரிலிருந்து ஒரே மாதிரியான செய்திதான் வரும். "கூடத்தில் ஒழுகுகிறது. குண்டான் வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்குள்ளாவது ஓட்டை மாற்றிவிட வேண்டும்." தில்லியிலோ மும்பையிலோ இருக்கும் பிள்ளை, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொல்வார். பணம் போகும். கூரையைப் பிரித்துப் போட்ட பிறகு, "மரமெல்லாம் போயிருக்கு, இன்னும் வேண்டும்" என்று மறுபடி தொலைபேசி வரும். அந்த நிலையில் யாரும் மறுக்க முடியாது.

மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று நாம் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலான வீடுகளில் குறை மேஸ்திரியிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஓட்டை எண்ணிக் கணக்குப் போடுகிறோம். ஆனால் ஓட்டு வீட்டில் செலவைத் தீர்மானிப்பது ஓட்டுக்குக் கீழே இருக்கும் மரம். அதைப் பார்க்காமல் போட்ட எந்த மதிப்பீடும் நிற்காது.

வீடு 800, கூரை 1200

முதலில் அளவு. வீட்டின் தரைப் பரப்பும் கூரையின் பரப்பும் ஒன்றல்ல. 20 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள வீடு 800 சதுர அடி. நாலு பக்கமும் 2 அடி தாழ்வாரம் நீண்டிருந்தால் 24க்கு 44, அதாவது 1,056 சதுர அடி. கூரை சரிவாக இருப்பதால் இதற்கு மேலும் கூடும். 30 டிகிரி சரிவுக்குச் சுமார் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆக ஏறத்தாழ 1,200 சதுர அடி. நம் ஊர்க் கொத்தனார் மொழியில் 12 சதுரம். தொலைபேசியில் "800 அடி வீடு" என்று சொல்லி விலை கேட்டால், ஒன்றரை மடங்கு வேலைக்குத் தவறான விலைதான் கிடைக்கும்.

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓடு, 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, இந்த ஓடு சுமார் 140 பிடிக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு 1,680. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,850 என்று வையுங்கள். முகட்டு ஓடு தனிக் கணக்கு. அதை அடி நீளத்தில் அளக்க வேண்டும். முற்றம் வைத்த வீடாக இருந்தால், இரண்டு சரிவுகள் கூடும் மூலைப் பள்ளங்களில் தகடு பதிக்க வேண்டியிருக்கும். ஒழுகல் முதலில் தொடங்குவதும் அந்த மூலைகளில்தான்.

பழைய ஓடு எல்லாம் குப்பை இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிப்பது நல்லது. மந்தமாக ஒலிப்பது விரிசல் கண்டது.

மரத்தின் ஜாதகம்

கைமரம், ரீப்பர், உத்திரம், முகட்டு மரம் ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பரணில் ஏறி ஒரு கூரான திருப்புளியால் குத்திப் பார்க்கலாம். உள்ளே சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது என்று பொருள். கைமரத்தின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்; சுவரில் உட்காரும் முனைதான் முதலில் உளுக்கும். சுவரோரம் மண் கோடு போல் தெரிந்தால் கரையான். வெளியிலிருந்து பார்க்கும்போது முகடு நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால், ஓடு மாற்றி மட்டும் பயனில்லை.

நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு போட நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சீமை ஓடு நிற்க ரீப்பர்கள் சுமார் 32 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே சீராக அமைய வேண்டும். நாட்டு ஓட்டுக்கு நெருக்கி அடித்த பழைய சட்டங்கள் அதற்குப் பொருந்தா. ஆகவே ரீப்பர் முழுவதும் புதிது என்றே கணக்கு எழுதுங்கள்.

தென் மாவட்டங்களில் பல வீடுகளில் பனங்கட்டையே கைமரம். தோட்டத்துப் பனையை வெட்டிக்கொள்ளலாம் என்று செலவைக் குறைத்து எழுத வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது.

ஓடா, தகடா, தளமா?

"இவ்வளவு செலவுக்குக் கான்கிரீட்டே போட்டுவிடலாமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எடையைப் பாருங்கள். நம் 1,200 சதுர அடிக் கூரையில் ஓட்டின் எடை ஏறத்தாழ 4 டன். மழையில் நனைந்தால் சற்றுக் கூடும். 5 அங்குலக் கான்கிரீட் தளமோ, தாழ்வாரத்தை விட்டுவிட்டு 800 சதுர அடிக்கே 23 டன்னுக்கு மேல் வரும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் அதைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. சுவரையும் மாற்ற வேண்டுமென்றால் அது கூரைச் செலவல்ல, புது வீட்டுச் செலவு.

வண்ணத் தகடு இலேசானது. வேலையும் சில நாட்களில் முடியும். ஆனால் வெயிலில் கொதிக்கும், மழையில் இரையும். கடலோர மாவட்டங்களில் காற்றுக்கும் கணக்கு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்ததை மறக்க முடியாது. தகடு போடுவதானால் கொக்கி போல்ட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அதன் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி.

தாளில் எழுத வேண்டியவை

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, செலவுப் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: ஓடு, முகட்டு ஓடு, லாரி வாடகை, மரமும் தச்சுக்கூலியும், பிரிப்புக்கூலி, சாரம், சுவர்த் தலைப்பைச் சரிசெய்யும் கொத்து வேலை, மூலைத் தகடு, கரையான் மருந்து, மின்கம்பி, மின்விசிறியைக் கழற்றி மாட்டும் செலவு, தார்ப்பாய், குப்பை அகற்றல், வேலை முடியும்வரை பெரியவர்கள் வேறிடத்தில் தங்கும் செலவு. நீங்கள் ஊருக்குப் போய்வரும் ரயில் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். விலை கேட்கும்போது வரியும் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்ந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வரவுப் பக்கமும் உண்டு. பழைய தேக்குக்கும் நல்ல ஓட்டுக்கும் விலை இருக்கிறது. "பழைய சாமான் எனக்கு" என்று சொல்லிக் கூலியைக் குறைத்துப் பேசும் வழக்கம் உண்டு. அதற்குச் சம்மதிக்கலாம், ஆனால் அந்தச் சாமானுக்கு ஒரு மரக்கடைக்காரரிடம் மதிப்புக் கேட்ட பிறகு சம்மதியுங்கள்.

இவையெல்லாம் கூட்டிய பிறகு 20 சதவீதம் தனியாக வையுங்கள். பிரித்த பின் தெரியப்போகும் மரத்துக்கான பணம் அது. மதிப்பீடு 4 லட்சம் என்றால் கையில் 4 லட்சத்து 80 ஆயிரம் சேர்ந்த பிறகே கூரையில் கை வைக்க வேண்டும். அவ்வளவு சேரவில்லை என்றால் சமையலறைச் சரிவை இந்த ஆண்டும் கூடத்தை அடுத்த ஆண்டுமாகப் பிரித்துச் செய்யலாம். பாதியில் நின்ற முழு வேலையைவிட முழுதாக முடிந்த பாதி வேலை மேல்.

யார் பங்கு எவ்வளவு?

பணத்தைவிடச் சங்கடமான கேள்வி இதுதான். ஒருவர் தில்லியில், ஒருவர் ஜாம்ஷெட்பூரில், ஒருவர் ஊரிலேயே அம்மாவோடு. வெளியூரில் இருப்பவர் பணம் கொடுக்கிறார். ஊரில் இருப்பவர் ஒரு மாதம் தன் வேலையை விட்டு நின்று பார்க்கிறார். அந்த ஒரு மாதமும் பங்குதான். அதைக் கணக்கில் சேர்க்காததால் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் நம் சங்கத்திலும் உண்டு.

அக்கா தங்கைகளைக் கேட்காமல் முடிவெடுப்பதும் சரியல்ல. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தரும் திருத்தம் தமிழகத்தில் 1989லும், நாடு முழுவதற்கும் 2005லும் வந்தது. வீட்டில் பங்குள்ளவரிடம் கூரையைப் பற்றிக் கேட்பதுதான் முறை. யார் எவ்வளவு கொடுத்தார், அது அன்பளிப்பா, பின்னால் பாகம் பிரிக்கும்போது கழிக்க வேண்டியதா என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வங்கிக் கடன் சுலபமில்லை. பெயர் மாற்றத்தைக் கூரை வேலைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

காலமும் தவணையும்

தை பிறந்ததும் மரம் பார்த்து, மாசியில் விலை பேசி, பங்குனி சித்திரையில் வேலையை முடித்துவிடுவது உத்தமம். குமரி மாவட்டத்தார் ஜூன் மழைக்கு முன்பே முடிக்க வேண்டும். மும்பைக் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறையும் ஓரளவு ஒத்து வரும். எல்லா நாளும் இருக்க முடியாதவர்கள், பிரிக்கும் நாளிலும் ரீப்பர் அடித்து முடிக்கும் நாளிலும் மட்டுமாவது நேரில் இருங்கள். செலவு கூடுவதும் குறைவதும் முதல் நாளில். கூரை ஒழுகுமா என்பது இரண்டாவது நாளில் முடிவாகிறது.

பணத்தை மொத்தமாக அனுப்பாதீர்கள். சாமான் இறங்கியதும் ஒரு தவணை, மரவேலை முடிந்ததும் ஒரு தவணை, ஓடு போட்டதும் ஒரு தவணை. பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்திவைக்கப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மேஸ்திரி அதற்கு வருத்தப்பட மாட்டார்.

மிஞ்சிய ஓட்டை விற்றுவிட வேண்டாம். ஒவ்வொரு தொழிற்சாலையின் ஓட்டுக்கும் காடி சற்றே மாறும். பத்து வருஷம் கழித்து அதே அச்சு ஓடு கிடைப்பது அரிது. கொல்லையில் ஐம்பது ஓட்டை அடுக்கி வைத்து, அளவும் செலவும் எழுதிய தாளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை அந்தக் கூரையில் ஏறப்போகிறவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.