பிராந்தன் சான்னானும் பட்டாணி ஹக்கீமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தெற்கே வந்தால் நெய்யாற்றின்கரை. அதற்கப்பால் பாறசாலை. அதையும் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளைச் சந்தை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அக்காள் கோட்டுக்கு அப்பாலும் தங்கை இப்பாலுமாக வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் அப்பகுதியில் எத்தனையோ உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்து, பின்னர் பிழைப்புக்காக நம்மைப்போல் வெளியூர் சேர்ந்தவர்களும் பலர். அடியேனும் அவர்களில் ஒருவன். எங்கள் மண்ணில் பிறந்த ஒரு நாவலைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அது சி. வி. இராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா'. 1891-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் என்று போற்றப்படுவது. ஆசிரியர் திருவனந்தபுரத்தில் பிறந்தவராயினும் அவர் குடும்பத்தின் பூர்வீகம் நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறயூர் என்பர். சரித்திர நாவலென்றால் அரசரும் வாளும் அரண்மனையும்தானே என்று நினைப்பவர்கள் இதனைப் படித்தால் வியப்படைவார்கள். இதன் உயிர்நிலை, குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை ஊரும் உறவும் அறியாத அந்நியர் எடுத்துக் காப்பாற்றியதில் இருக்கிறது.

நாவலுக்குள் நுழையுமுன் நெய்யாற்றின்கரையில் நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்துவிடுவோம். அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் மிகப் பழைய பலா மரம் ஒன்று உண்டு. அடிமரம் பெரும் பொந்தாய்க் கிடக்கும். பகைவர் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் ஒரு சிறுவன் சொற்படி அப்பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்றும், அச்சிறுவன் கண்ணனே என்றும், அந்த நன்றியினால் பின்னாளில் அங்கே கோயில் எழுப்பினார் என்றும் ஐதிகம். என் சிறுவயதில் என் பாட்டி என்னை அங்கே அழைத்துச் சென்று, "இந்தப் பிலாவுக்க பொந்திலயாக்கும் ராஜா ஒளிச்சிருந்தாரு. தொட்டுக் கும்பிடு மக்களே" என்றாள். பிறகு அவளே மெல்லச் சொன்னாள், கதையைக் கேட்டது குழந்தைப் பருவத்தில் என்றும், மரத்தைக் கண்ணால் கண்டது கலியாணத்துக்குப் பிறகுதான் என்றும். காரணம் எளியது. நாங்கள் நாடார் குலத்தினர். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் பிறக்கும்வரையில் திருவிதாங்கூர் அரசின் கோயில்களில் எங்களவர் கால் வைக்க இயலாது. அரசனைக் காத்த மரம் என்று ஊரெல்லாம் பேசிய அந்த மரத்தடிக்குக்கூட அதுவரை அவள் போனதில்லை.

இனிக் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் வழிமுறை. அரசனின் மகனுக்கு அரசுரிமை இல்லை. சகோதரியின் மகனே பட்டத்துக்கு உரியவன். முதியவராகிய இராமவர்ம மகாராஜா நோயுற்றிருக்கும் காலம். அவருடைய மகன் பத்மநாபன் தம்பி அரியணையை நாடுகிறான். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்கள் அவனுக்குத் துணை. உரிமையுள்ள மருமகன் மார்த்தாண்டவர்மர் ஊர் ஊராய் மறைந்து திரிகிறார். 1729-ஆம் ஆண்டில் அவர் அரசேற்றதும், பின்னர் பிள்ளைமாரை அடியோடு ஒடுக்கியதும் சரித்திரம். மற்றவை பெரும்பாலும் ஆசிரியரின் கற்பனை.

நாவல் பஞ்சவன்காட்டில் தொடங்குகிறது. நீலி என்னும் யட்சியின் கதையால் பெயர் பெற்று, வழிப்போக்கர் அஞ்சி நடந்த காடு அது. அங்கே வெட்டுக்காயங்களோடு இரத்த வெள்ளத்தில் கிடக்கிறான் ஓர் இளைஞன். பெயர் அனந்தபத்மநாபன், திருமுகத்துப் பிள்ளை என்னும் பெருமகனின் புதல்வன், இளவரசரின் உற்ற தோழன். தம்பியின் ஆட்கள் அவனை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பழி இளவரசர்மீது விழும்படி கதை கட்டிவிடுகிறார்கள். அவ்வழியே வந்த பட்டாணிய வணிகர் கூட்டம் ஒன்று அவனைக் காண்கிறது. கூட்டத்தின் தலைவர் ஹக்கீம், அஃதாவது யுனானி வைத்தியர். கிடப்பவன் எந்தக் குலம், எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறார்கள், மருந்திட்டுப் பிழைக்க வைக்கிறார்கள். அக்குடும்பத்துப் பெண் சுலைகா அவன்மேல் காதலும் கொள்கிறாள். அவனோ தன் சமயத்தையும் விடவில்லை, ஊரில் தனக்காகக் காத்திருக்கும் பாறுக்குட்டியையும் மறக்கவில்லை. மணம் கூடாமற்போயிற்று. எனினும் அக்குடும்பம் அவனைக் கைவிடவில்லை. ஹக்கீமின் கூட்டம் மணக்காட்டில் பாளையம் இறங்கியபோது அவன் அங்கே ஷம்சுதீன் என்ற பெயரோடு அவர்களுள் ஒருவனாக வாழ்கிறான். கடைசியில் இளவரசரின் உயிரைக் காக்க வாளேந்தி வருவோரில் அந்தப் பட்டாணியரும் இருக்கிறார்கள். கைம்மாறு கருதாத வைத்தியம் ஓர் அரசையே காத்தது என்று ஆசிரியர் வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. கதையின் ஓட்டத்தில் நமக்கே தோன்றும்படி விட்டுவிடுகிறார்.

ஊரார் கண்ணில் அனந்தபத்மநாபன் இறந்தவன். பகைவரும் அவ்வாறே நம்பியிருப்பதனால் அவன் மாறுவேடம் பூண்டு நாடெங்கும் உலவுகிறான். அவற்றுள் முதன்மையான வேடம் 'பிராந்தன் சான்னான்'. பிராந்தன் என்றால் பைத்தியக்காரன். சான்னான் என்றால் சாணான். அந்தச் சொல் இன்று இழிசொல்லாகவே கொள்ளப்படும். நாவலில் உள்ள பெயர் என்பதனால் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பைத்தியம், அதன்மேல் தீண்டாதவன். அப்படிப்பட்டவனை யார் உற்று நோக்குவார்கள்? அவன் பித்துப்பிடித்தவன்போல் பிதற்றுவதும், சாரோட்டு அரண்மனையில் அடைபட்டுச் சுரங்கவழியே தப்புவதும், மாங்கோயிக்கல் குறுப்பின் வீட்டைப் பகைவர் சூழ்ந்த வேளையில் சான்னார் துணையோடு வந்து போரிடுவதும் நாவலின் மிகச் சுவையான பகுதிகள். குறுப்பு முதலியோர் பேசும் தென் திருவிதாங்கூர்ப் பேச்சில் தமிழ் கலந்து ஒலிக்கும். நம்மவர் படித்தால் சொந்த ஊர்க் குரலைக் கேட்டதுபோல் இருக்கும்.

இந்நாவலை நான் பாட்டிக்குப் பல இரவுகள் மலையாளத்தில் படித்துக் காட்டியிருக்கிறேன். பிராந்தன் சான்னான் வரும் இடங்களில் அவள் வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே அடக்கிக்கொண்டு கேட்பாள். வேடம் கலைந்து, அவன் உயர்குடிப் பிள்ளை என்று தெரிந்த இரவில் அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நெசச் சாணான் எங்க போனான் மக்களே?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அவள் கேள்வியின் கனத்தை உணர அக்காலத்து நிலையை அறிய வேண்டும். உயர்ந்த சாதியார் முன்னே குறித்த தூரத்துக்கு அப்பால் நிற்பது, குடை பிடியாமல் நடப்பது, செருப்பும் பொன்னகையும் அணியாமல் இருப்பது என்று எங்களவருக்கு இருந்த தடைகள் பல. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1858-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் மூண்டது. வீடுகளும் சபைகளும் தீக்கிரையாயின. 1859-ஆம் ஆண்டு சூலையில் அரசு பணிந்து விளம்பரம் வெளியிட்டது. அதிலும் மேற்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று ஒரு நிபந்தனை. நம் நாவலாசிரியர் பிறந்ததும் அந்த 1858-ஆம் ஆண்டில்தான். அவர் கண்திறந்து பார்த்த நாட்டில் சான்னான் என்பவன் பார்த்தும் பாராமல் விடப்படுபவன். அந்தப் பாராமையையே அவர் கதைக்குக் கருவியாக்கினார். கலைஞர் என்ற முறையில் அது பெருந்திறமை, ஐயமில்லை. ஆயினும் சான்னானின் உடையை மாட்டிக்கொண்ட உயர்குடி வீரனுக்குப் புகழும் மணமாலையும் கிடைக்க, மெய்யாகவே பனையேறி வாழ்ந்த சான்னான் கதையின் ஓரத்தில் துணைக்கு வந்து போகிறவனாக மட்டுமே நின்றுவிடுகிறான். ஆசிரியர்மேல் எனக்குள்ள குறை இது ஒன்றே.

இக்குறை எனக்கு மட்டும் தோன்றியதன்று. குமரி மாவட்டத்து நாடார் மக்களிடையே, மார்த்தாண்டவர்மருக்குத் துணைநின்ற அனந்தபத்மநாபன் என்னும் வீரன் நாடார் குலத்தவனே, நாவலாசிரியர்தாம் குலத்தை மாற்றிவிட்டார் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவனைத் தளபதி அனந்தபத்மநாபன் நாடார் என்றே விழா எடுத்துப் போற்றுகிறார்கள். சான்றுகளை எடைபோடுவது சரித்திர ஆசிரியர் வேலை. கதையின் ஓரத்தில் நின்றவர்கள் நடுவே தமக்கோர் இடம் கேட்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்குகிறது.

வேடம் எதிர்த்திசையில் போடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நெடுஞ்சாலையில் ஒரு மெய்க்கதை உண்டு. 1930-ஆம் ஆண்டையொட்டித் திருவனந்தபுரத்தில் ஜே. சி. டானியேல் என்பார் 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். மலையாள நாட்டின் முதல் திரைப்படம் அது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஏழைப் பெண். திரையில் அவளை அந்தக் கோலத்தில் கண்ட மேற்சாதியார் கொதித்தெழுந்தார்கள். அவள் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் துணையோடு தெற்கே நாகர்கோவில் பக்கம் வந்து, அவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் யாரும் அறியாமல் வாழ்ந்து மறைந்தாள் என்று அவள் வரலாற்றைத் தேடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தின் முதல் நடிகை தன் முகத்தைத் தானே மறைத்துக்கொண்டு தமிழ் மண்ணில் அடைக்கலம் புகுந்தாள். விநு ஆபிரகாம் இவள் வாழ்வை 'நஷ்ட நாயிகா' என்னும் நாவலாக எழுதினார். 2013-இல் வெளிவந்த 'செல்லுலாய்ட்' படத்துக்கு அந்நாவலும் ஓர் ஆதாரம். உயர்குடியான் சான்னான் வேடம் போட்டால் காவியம். தாழ்ந்தவள் நாயர் வேடம் போட்டால் கல்லெறி. அவளுக்கு வாய்த்த ஹக்கீம் அந்த லாரி ஓட்டுநர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் தமிழிலும் அந்த மண்ணைப் பற்றி ஒரு நல்ல நாவல் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு' 1964-இல் வெளிவந்தது. நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜை மனத்தில் வரித்துப் பல தடைகளைத் தாண்டிக் கைப்பிடிக்கிறாள். அதில் வரும் பனையேறி யாருடைய வேடமும் அல்லன். காலில் தழும்பும் கையில் அரிவாளுமாக அவனாகவே வருகிறான். அம்மையார் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாய்ப் பணிபுரிந்தவர். இவ்விரண்டு நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்படி நம் சங்கத்து இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன். 'மார்த்தாண்டவர்மா'வுக்குச் சாகித்திய அக்காதெமி வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் நெய்யாற்றின்கரையில் இறங்கி அந்தப் பலா மரத்தையும் பார்த்து வரலாம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க.

பாட்டி கேட்ட கேள்விக்கு அன்றிரவு நான் விடை சொல்லவில்லை என்றேன். மறுநாள் அந்தியில் நூலை மீண்டும் எடுத்தேன். கடைசி அத்தியாயங்கள் மிச்சமிருந்தன. வெற்றியும் திருமணமும் வரும் பகுதி. அவள் அதை வேண்டாம் என்று கையால் தடுத்தாள். "அந்தத் துலுக்க வைத்தியரு காட்டில கெடக்கவன எடுத்துத் தூக்குவாரே, அத ஒருக்கா வாசி" என்றாள். நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.