நிகரான எதிராளி

1960இல் ஆந்திரத்தோடு இணைந்த சத்தியவேட்டில், கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் சிறுவனுக்கு எதிராளியைத் தேர்வது மனிதரன்று, கணக்கே. எதிராளி எந்நாட்டினராகவும் இருக்கலாம். இத்தகைய தரக்கணக்கிற்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ப்பாட் ஈலோ. அவர் முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றது. இருவர்க்கிடையே 200 புள்ளி வேறுபாடிருப்பின், 100 ஆட்டங்களில் வலியவர் ஏறத்தாழ 76 ஆட்டங்களின் பயனைப் பெறுவார் என்பது அதன் மதிப்பீடு. ஆகவே வலியவரை வென்றார்க்கு ஏற்றம் மிகுதி. எளியவரை வென்றார்க்குச் சொற்பமே.

நிகரானவரை இணைப்பதே நெறி. நள்ளிரவில் ஆடுவோர் அருகினால், காத்திருப்பைக் குறைக்க இந்நெறியைச் சற்றே தளர்த்துவதும் உண்டு. அதனை நாம் குறையாகக் கருதவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் புதுப்பெயர் பூண்டு தொடக்கநிலையினரிடையே புகுவதே அநீதி. அவரது மெய்த்தரத்தைக் கணக்கு அறியுமுன் பலர் தோற்றிருப்பர். தன் திறமையே குறைவென்றெண்ணி, நம் சிறுவன் ஆட்டத்தையே கைவிட்டிருக்கவும் கூடும்.