கைதி அறையில் 21 புத்தகம், 96 பக்கக் கதை சிக்கியது! பகடை ஆட்டத்துக்கு ஜெயிலில் தடை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வபான் என்று ஒரு ஊர். அங்குள்ள ஜெயில் 1850-களில் கட்டப்பட்டது. ஆயுள் கைதிகள் பலர் அங்கே கம்பி எண்ணியிருக்கிறார்கள்.

2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த ஜெயில் அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எழுதியவர் உள்ளேயே இருந்த ஒரு கைதி. சிங்கர் என்ற ஆயுள் கைதியும் இன்னும் மூன்று பேரும் கும்பல் சேர்க்கிறார்கள் என்று அதில் கண்டிருந்தது.

சும்மா இருப்பார்களா? நவம்பர் 15-ந்தேதி சிங்கரின் அறைக்குள் புகுந்து சல்லடை போட்டு சலித்தார்கள்.

அள்ளிக்கொண்டு போனது என்ன தெரியுமா? 21 புத்தகங்கள், 14 பத்திரிகைகள், சிங்கர் தன் கைப்பட எழுதிய 96 பக்கக் கதை. எல்லாமே ஒரு விளையாட்டு சம்பந்தப்பட்டவை! அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே ஜெயிலில்தான் அவர் அவற்றை வாங்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டவர் கிடையாது. இப்போது அந்த ஆட்டத்துக்கே தடை போட்டார்கள்.

அதன் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நிலவறைகளும் நெருப்பு கக்கும் நாகங்களும் என்று அர்த்தம்.

என்ன ஆட்டம் இது?

ஒரு மேஜை, நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடை. இவ்வளவு இருந்தால் போதும். நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவர்களிடம் 4 பக்கம் முதல் 20 பக்கம் வரை விதவிதமான பகடைகள் உண்டு.

கூத்தில் கட்டியங்காரன் மாதிரி ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் திருடன். அரிதாரம், கிரீடம் எல்லாம் கிடையாது. வாயால் சொல்வதுதான் வேஷம்.

"எதிரே இருட்டுக் குகை. உள்ளே ஏதோ உறுமுது. என்ன செய்யப் போறே?" என்று கேட்பார் கதை நடத்துகிறவர்.

"தீவட்டியை உள்ளே வீசறேன்" என்பார் வாள்வீரன். பகடை உருளும். 18 விழுந்தால் குகை முழுக்க வெளிச்சம். 2 விழுந்தால் தீவட்டி அணைந்து போச்சு!

ஜெயித்தவர், தோற்றவர் என்று இதில் யாரும் இல்லை. ஆட்டம் முடிவதும் இல்லை. இந்த வாரம் விட்ட இடத்தில் அடுத்த வாரம் தொடங்கும். ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் ஆடும் கோஷ்டிகள் உண்டு.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சீட்டாட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவன் எதிராளி. இதில் அவன் கூட்டாளி. வாள்வீரன் வராவிட்டால் மந்திரவாதி செத்தான்! ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி என்று முடிவு செய்தால் வந்தே ஆகவேண்டும். மழை, தலைவலி என்று சாக்கு சொன்னால் மற்ற நாலு பேரும் விடமாட்டார்கள்.

ஆபீசில் வாயே திறக்காத ஆள்கூட இந்த மேஜையில் முறை வந்தால் பேசித்தான் தீரவேண்டும். தப்பாகப் பேசினாலும் கேலி இல்லை. பேசியது வாள்வீரன்தானே! இப்படி ஆறு மாதம் பேசிப் பழகியவன் பிறகு வேஷம் இல்லாமலும் நாலு வார்த்தை பேசுகிறான். வீடு மாற்ற சாமான் தூக்கவும், ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காரவும் வருகிறவர்கள் இந்த மேஜைக்காரர்கள்தான் என்று ஆகிவிடுகிறது.

எல்லாமே தேன் என்று நினைக்க வேண்டாம். கதை நடத்துகிறவர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று சண்டை வரும். ஒருவன் மட்டும் வளவளவென்று பேசி மற்றவர்களை ஓரங்கட்டுவான். வாரா வாரம் நடுராத்திரிவரை ஆட்டம் என்றால் வீட்டில் பாட்டு கேட்காமல் இருக்குமா? கோஷ்டி உடைந்து, அத்துடன் சிநேகிதமும் உடைந்தது உண்டு.

செருப்பு தைத்தவரின் யோசனை

இதைக் கொண்டுவந்தவர்கள் இருவர். ஒருவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊர்க்காரர். சிகாகோவில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ல் வேலை போனது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும். செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார்.

1972-ல் மினசோட்டா மாநிலத்திலிருந்து டேவ் ஆர்னசன் என்ற வாலிபர் அவர் வீட்டுக்கு வந்தார். தன் நண்பர்களுடன் ஆடிவந்த ஒரு புது மாதிரி ஆட்டத்தை ஆடிக் காட்டினார். கைகாக்சுக்கு அது பிடித்துப்போனது. விதிகளை எழுதி, முதலில் தன் மகன் எர்னியையும் மகள் எலிசையும் உட்காரவைத்து ஆடிப் பார்த்தார்.

1974 ஜனவரியில் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்பனைக்கு விட்டார்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 பெட்டி.

கைகாக்ஸ் 2008-ம் ஆண்டு மார்ச் 4-ந்தேதி காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் முடிந்ததும் கலைந்து போகவில்லை. அதே ஊரில் ஒரு மண்டபத்தில் கூடி, மேஜை போட்டு, பகடை உருட்டினார்கள்! அந்தக் கூட்டமே பிறகு 'கேரி கான்' என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாக வளர்ந்துவிட்டது.

16 வயது மாணவன் மாயம்!

இந்த ஆட்டத்தின் மேல் சந்தேகக் கண் விழுந்தது வபான் ஜெயிலில்தான் முதல் தடவை என்று எண்ணக்கூடாது. 25 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவையே ஆட்டிவைத்த வழக்கு ஒன்று உண்டு.

ஜேம்ஸ் டல்லாஸ் எக்பர்ட், வயது 16. படிப்பில் புலி. அந்த வயதிலேயே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துவந்தான். 1979 ஆகஸ்டு 15-ந்தேதி விடுதியிலிருந்து திடீரென்று மாயமானான்.

பெற்றோர் பதறிப்போய் டெக்சாஸ் மாநிலத்தின் தனியார் துப்பறியும் நிபுணர் வில்லியம் டியரை அமர்த்தினார்கள். மாணவன் டிராகன் ஆட்டம் ஆடுகிறவன் என்று அவருக்குத் தெரியவந்தது. பல்கலைக்கழகத்தின் அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும் சுரங்கப்பாதைகள் உண்டு. ஆட்டத்தை நிஜம் என்று நம்பி, பையன் சுரங்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று டியர் சந்தேகப்பட்டார்.

அவ்வளவுதான்! ஆட்டம் மாணவனை விழுங்கிவிட்டது என்று பத்திரிகைகள் அலறின. அதுவரை பெயரே கேள்விப்படாத தாய் தகப்பன்மார் எல்லாம் பிள்ளைகளின் அலமாரியைக் குடைந்தார்கள். ஆட்டப் பெட்டி விற்பனையும் எகிறியது, அது வேறு கதை.

உண்மை என்ன? எக்பர்ட் சுரங்கத்துக்குள் போனது நிஜம். ஆட போகவில்லை, உயிரை விடப் போனான். பிழைத்துக்கொண்டு வெளியே வந்தான். தெரிந்தவர்கள் வீடுகளில் பதுங்கி, பிறகு ஆயிரம் மைலுக்கு அப்பால் லூசியானா மாநிலத்துக்குப் போனான். எண்ணெய் வயலில் கூலி வேலை பார்த்தான். செப்டம்பர் 13-ந்தேதி, 29 நாளுக்குப் பிறகு, டியர் அவனை மீட்டார்.

ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டில் அவன் தற்கொலை செய்துகொண்டான்.

1984-ல் டியர் ஒரு புத்தகம் எழுதி விவரத்தை வெளியிட்டார். தன்னைவிட மூத்த மாணவர்கள் நடுவே தனிமை, வீட்டில் படிப்பு பற்றிய நெருக்கடி, மனச்சோர்வு, போதைப் பழக்கம். இவைதான் பையனை அரித்தவை. ஐந்து ஆண்டு கழித்து வந்த உண்மையை யார் படிக்கப் போகிறார்கள்? பழி ஆட்டத்தின் மேல் விழுந்து இறுகிவிட்டது.

தாய் தொடர்ந்த வழக்கு

1982-ல் வர்ஜீனியா மாநிலத்தில் இன்னொரு மாணவன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளியில் ஆடிய டிராகன் ஆட்டத்தில் சாபம் போட்டதால்தான் மகன் செத்தான் என்று தாய் பெட்ரீசியா புல்லிங் வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை. 1983-ல் ஆட்டத்தை எதிர்க்க சங்கம் ஆரம்பித்து, ஊர் ஊராகப் பேசினார். 1985-ல் சி.பி.எஸ். டெலிவிஷனில் பெரிய நிகழ்ச்சியே வந்தது.

பெற்ற வயிறு எரியும்போது யாரையாவது குற்றம் சொல்லத்தான் தோன்றும். அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் பிற்பாடு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்பட விவரம் தெரிந்தவர்கள் பார்த்தபோது, ஆட்டத்துக்கும் தற்கொலைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

கோர்ட்டில் 15 வாக்குமூலம்

இனி சிங்கர் வழக்கு. ஜெயில் போட்ட தடையை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனார். சக கைதிகள், இந்த ஆட்டத்தைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் என்று 15 வாக்குமூலங்கள் திரட்டிக் கொடுத்தார். டிராகன் ஆட்டத்தால் கும்பல் உண்டானதாகக் கேள்விப்பட்டதே இல்லை என்று கைதிகள் சொன்னார்கள். ஆட்டம் மனிதனைத் திருத்தவும் உதவும் என்று சிலர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜெயில் தரப்பில் கும்பல் விவகார நிபுணரான அதிகாரி பதில் சொன்னார். ஒருவர் கதை நடத்துகிறார், மற்றவர்கள் அவர் சொல்வதைக் கேட்டு நடக்கிறார்கள். இது கும்பல் தலைவன், அடியாட்கள் மாதிரி. நாளைக்குக் கைதிகள் ஜெயில் அதிகாரி பேச்சை விட்டு அந்த ஆள் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கலாம். கற்பனையில் மூழ்கி, தப்பிக்கும் எண்ணமும் வளரலாம். இதுதான் அவர் வாதம்.

2010 ஜனவரி 25-ந்தேதி சிகாகோ அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சிங்கருக்குத் தோல்வி! அசம்பாவிதம் நடந்தபிறகுதான் தடுக்கவேண்டும் என்று ஜெயிலைக் கட்டாயப்படுத்த முடியாது, அதிகாரியின் அனுபவக் கருத்தே போதும் என்று நீதிபதிகள் கருதினார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். 1979-ல் இந்த ஆட்டம் பையனை உலகத்திலிருந்து பிரித்துவிட்டது என்றார்கள். 2004-ல் அதே ஆட்டம் கைதிகளை அளவுக்கு மீறி ஒன்றுசேர்க்கிறது என்றார்கள். ஜெயில் அதிகாரி சொன்னதில் பாதி நிஜம். ஆட்டம் ஆட்களைச் சேர்க்கத்தான் செய்கிறது. சேர்ந்தவர்கள் கும்பலாக மாறினார்களா என்பதற்கு ஒரு சம்பவத்தைக்கூட கோர்ட்டில் காட்டவில்லை.

மரண தண்டனைக் கைதிகளின் மேஜை

டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் ஊர் அருகே உள்ள ஜெயிலில் மரண தண்டனைக் கைதிகளை ஆளுக்கொரு அறையில் அடைக்கிறார்கள். நாளில் 22 மணி நேரத்துக்கு மேல் நாலு சுவர்தான் துணை. ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. சிலருக்கு இருபது ஆண்டையும் தாண்டும்.

அங்கேயும் இந்த ஆட்டம் நுழைந்துவிட்டது! மார்ஷல் பிராஜக்ட் என்ற செய்தி நிறுவனம் 2023-ல் இதை வெளியிட்டது.

சூதாட்டம் வரும் என்று பகடைக்குத் தடை. அதற்குப் பதில் காகிதத்தில் வட்டம் போட்டு, எண் எழுதி, நடுவே முள்ளைச் சுழலவிட்டார்கள். வரைபடத்தைக் கையால் வரைந்தார்கள். மேஜை எங்கே? மேஜை இல்லை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தும், கதவு இடுக்கு வழியாகச் சீட்டை நூலில் கட்டி இழுத்தும் ஆடினார்கள். ஆட்டத்தின் சாக்கில் வீட்டுக் கதை, அம்மா கதை எல்லாம் வெளியே வந்தது. முகத்தை நேரில் பார்க்கமுடியாதவர்கள் நெருங்கிய சிநேகிதர்கள் ஆனார்கள்.

அவர்களில் ஒருவர் பில்லி வார்ட்லா. 1993-ல், 18 வயதில், கார்ல் கோல் என்ற 82 வயது முதியவரைக் கொள்ளையடிக்கப் போய் சுட்டுக் கொன்றவர். குற்றம் சின்னதல்ல. அந்த முதியவருக்கு இன்னொரு வாழ்வு கிடைக்கவில்லை.

தனி அறையில் இருந்த ஆண்டுகளில் வார்ட்லா போட்ட வேஷம் ஆர்தாக்ஸ் என்ற வாலிபன். மந்திரக் கருவிகள் செய்வதில் கெட்டிக்காரன், தாயிடம் பெயர் வாங்கத் துடிப்பவன். 2020-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி வார்ட்லாவுக்கு விஷ ஊசி போட்டு தண்டனையை நிறைவேற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 45.